பியானோ பெடலின் உலோக உறுப்பு உடைந்தால்: மாற்றுவதா, ஒட்டுவதா, பற்றவைப்பதா, புதிதாகச் செய்வதா?

பியானோவின் வலது பெடல் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் கீழே போய்விட்டால், பெரும்பாலும் உள்ளே ஏதோ ஒரு உலோகத் துண்டு இரண்டாகியிருக்கும். உடைந்த துண்டைப் பார்த்ததும் பலருக்கும் முதலில் கை போவது எபாக்சி டியூப் பக்கம்தான். அந்த டியூபைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். எபாக்சி கெட்ட பொருள் என்பதால் இதைச் சொல்லவில்லை. உடைந்த முகத்தில் ஒருமுறை பசை ஏறிவிட்டால், பிறகு அதே துண்டைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது உருகிய பித்தளை அங்கே பிடிக்க மறுக்கும். வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அதற்குள் இறங்கிய பசையை முழுசாக எடுப்பது பெரும்பாடு.

இந்த மாதிரி உடைப்பைச் சரிசெய்ய ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. விலை, வலு, தோற்றம் என்று மூன்றையும் பார்த்துத்தான் பொதுவாக முடிவெடுக்கிறோம். நான் நான்காவதாக ஒன்றையும் பார்ப்பேன், அதற்கே முதலிடமும் கொடுப்பேன்: இந்த வழி தோற்றுப்போனால் அடுத்த வழி திறந்திருக்குமா? பழைய பியானோவின் பெடல் உறுப்பு கடையில் அப்படியே கிடைக்கிற சாமான் இல்லை. கையில் இருக்கும் உடைந்த துண்டுதான் அளவுக்கும் ஆதாரம், அச்சுக்கும் ஆதாரம். அதைக் கெடுத்துவிட்டால் திரும்பிப் போக இடமில்லை.

முதலில் எது உடைந்தது என்று பார்ப்போம்

நெட்டுக்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோவில் முழங்காலுக்கு நேரே இருக்கும் முன்பலகையைப் பெரும்பாலும் மேலே ஒரு ஸ்பிரிங் தகடுதான் பிடித்துக்கொண்டிருக்கும். தகட்டை மேல்நோக்கி அழுத்தினால் பலகை முன்னால் சாய்ந்து கையோடு வந்துவிடும். உள்ளே தெரிவது எளிய அமைப்புதான். காலால் மிதிக்கும் பெடல், அது அசையும் கீல், அந்தக் கீலைப் பிடித்திருக்கும் தாங்கி, பெடலிலிருந்து மர நெம்புகோலுக்குப் போகும் போல்ட், நெம்புகோலிலிருந்து மேலே ஏறும் செங்குத்துக் குச்சி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளும் ஸ்பிரிங். படுக்கைவாட்டில் நீண்டிருக்கும் கிராண்ட் பியானோவில் இதே வேலை, அடியில் யாழ் வடிவில் தொங்கும் சட்டத்துக்குள் நடக்கிறது. அங்கிருந்து கம்பிகள் மேலே போய் அடிப்பலகையின் கீழிருக்கும் நெம்புகோல்களைத் தூக்கும்.

இவற்றில் எதைக் கழற்றினாலும் தந்திகளுக்கு ஒன்றும் ஆகாது. தந்திகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 18 முதல் 20 டன். அதைத் தாங்குவது பெரிய இரும்புச் சட்டம், பெடல் அமைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே பயப்படாமல் கழற்றலாம். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெடலின் குச்சிகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். ஒவ்வொன்றிலும் எது மேல்முனை, எது எந்தப் பெடலுடையது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். ஸ்பிரிங்குகள் அழுத்தத்தில் இருக்கும், முகத்தைத் தள்ளி வைத்தே எடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: அடியில் பார்க்கிறேன் என்று அப்ரைட் பியானோவைத் தனியாளாகச் சாய்க்கவே கூடாது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அது, எடையில் பெரும்பகுதி பின்பக்கம்.

உடைந்தது வெறும் போல்ட்டோ, நீளக் கம்பியோ என்றால் இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. அதே தடிமனில் மரைக் கம்பி வாங்கி வெட்டிப் போட்டுவிடலாம். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் பியானோக்களில் மரை அங்குல அளவில் இருக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள். மெட்ரிக் நட்டை வலுக்கட்டாயமாக ஏற்றினால் இருக்கும் மரையும் போய்விடும். உடைந்தது ஸ்பிரிங் என்றாலும் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கைப் பற்றவைக்கக் கூடாது, சூடு ஏறினால் அதன் விறைப்பே போய்விடும். புதிதுதான் போட வேண்டும்.

யோசிக்க வேண்டியது, வார்ப்பில் செய்த பெடல் தண்டோ அதன் தாங்கியோ உடையும்போதுதான்.

எந்த இடத்தில் உடைகிறது, ஏன்

பெடலை ஒரு சீசா பலகைபோல நினைத்துக்கொள்ளுங்கள். முன்முனையைக் கால் அழுத்துகிறது, நடுவில் எங்கோ ஒரு தாங்கல். வளைக்கும் விசை அதிகபட்சமாக இருப்பது அந்தத் தாங்கலின் மேல். துளையும் அங்கேதான் போட்டிருப்பார்கள். அதனால் உடைப்பும் அங்கேதான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கால் 10 கிலோ எடையளவு அழுத்துகிறது, தாங்கலுக்கும் காலுக்கும் இடையே 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்டு அந்த இடத்தில் 20 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம். அப்படியானால் மேல்பரப்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமார் 70 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கும். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு 150 முதல் 250 வரை தாங்கும். போதும்போலத் தெரிகிறது. ஆனால் துளை இருக்கும் இடத்தில் இழுவிசை குவியும், காலை ஓங்கி மிதித்தால் இரட்டிப்பாகும், வார்ப்பின்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதே தண்டின் உயரம் 8-க்குப் பதில் 12 மி.மீ. இருந்திருந்தால் இழுவிசை 31 நியூட்டனாக இறங்கிவிடும். உயரத்தில் கொஞ்சம் கூட்டினாலும் வலு எவ்வளவு ஏறுகிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இன்னொன்று: இழுபடுவது மேல்பரப்பு, கீழ்ப்பரப்பு அமுங்கும். கீல் நடுவில் இருந்தாலும் சரி, பின்முனையில் கீல் வைத்து நடுவே போல்ட் போட்டிருந்தாலும் சரி, முன்முனை கீழே போகும்போது மேல்புறம்தான் திறக்கப் பார்க்கும். விரிசல் மேலிருந்துதான் கிளம்பும். உடைந்த முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் பெரும்பாலும் மேல்விளிம்பு ஓரமாகக் கறுத்து, அழுக்கேறியிருக்கும். மீதி பளிச்சென்ற சாம்பல் நிறத்தில், சர்க்கரைபோல மணிமணியாக இருக்கும். கறுப்புப் பகுதி பழைய விரிசல், பளிச்சென்றது கடைசியாக உடைந்தது. பெடல் இன்றைக்கு உடையவில்லை, வெகுகாலமாக உடைந்துகொண்டிருந்தது என்று அந்த முகமே சொல்லிவிடும்.

எந்த உலோகம் என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள்

இதற்கு ஒரு காந்தமும் ஒரு அரமும் போதும். வெளிப்பூச்சைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பித்தளைபோல மின்னும் பெடல் பல நேரம் மேலே பூச்சு, உள்ளே இரும்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. உடைந்த முகம் மணிமணியாக, வளைவே இல்லாமல் படக்கென்று முறிந்திருந்தால் வார்ப்பிரும்பு. காந்தம் ஒட்டாமல், அரத்தால் சுரண்டிய இடம் மஞ்சளாக இருந்தால் பித்தளை அல்லது வெண்கலம். காந்தமும் ஒட்டாமல், சுரண்டினால் வெளிறிய சாம்பலாக, மென்மையாக இருந்தால் அது துத்தநாகக் கலவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைசி வகைதான் ஆபத்து. துத்தநாகக் கலவை 380, 390 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைக்க 900 டிகிரி பக்கம் வேண்டும். வார்ப்பிரும்பு என்று நினைத்து டார்ச்சைக் காட்டினால் கண்ணெதிரே துண்டு குட்டையாக உருகி ஓடும். அப்புறம் அளவெடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. பழைய துத்தநாக வார்ப்புகளுக்கு இன்னொரு நோயும் உண்டு: கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வலைபோல விரிசல் விடும். அப்படிப்பட்ட துண்டை எப்படி ஒட்டினாலும் பக்கத்தில் உடையும். ஒட்டுகிற யோசனையை அங்கேயே கைவிட்டுவிடலாம்.

புதிய உறுப்பு வாங்குவது

கிடைக்கும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. யமஹா, கவாய், ஸ்டைன்வே போன்று இன்றும் பியானோ செய்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் வாத்தியம் என்றால் முதல் வேலை சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்பதுதான். எண் பொதுவாக உள்ளே இரும்புச் சட்டத்தின் மேல்பகுதியில் இருக்கும். காத்திருக்க வேண்டியிருக்கும், விலையும் ஒரு உலோகத் துண்டுக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் பொருந்தும், உத்தரவாதமாக உழைக்கும், உங்கள் உடைந்த துண்டும் கையில் பத்திரமாக இருக்கும்.

நிறுவனமே மூடிப்போயிருந்தால் பியானோ உதிரிபாகம் விற்பவர்களிடம் பொதுவான பெடல்கள் கிடைக்கும். கேட்கும் முன் முழு நீளம், கீல் துளையிலிருந்து போல்ட் துளைக்கு உள்ள தூரம், தண்டின் அகலம், முன்முனையின் வளைவு ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். நீளம் பொருந்துவதைவிடத் துளைக்குத் துளை தூரம் பொருந்துவதுதான் முக்கியம். அது மாறினால் நெம்பும் விகிதம் மாறும். பெடல் கனமாகவோ, அசைவு போதாமலோ போய்விடும். ஒரு பெடலை மட்டும் மாற்றினால் பக்கத்துப் பெடல்களோடு நிறமும் வடிவமும் ஒத்துப்போகாது என்பதும் உண்டு. மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது அப்போது கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

பழைய பியானோவிலிருந்து எடுப்பது

1909-இல் அமெரிக்காவில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பட்டன. அந்தக் காலத்து வாத்தியங்களில் இசைக்க முடியாத நிலைக்குப் போனவை ஏராளம். அவற்றைப் பிரிக்கும் பழுதுபார்ப்பவர்களிடம் பெட்டி பெட்டியாகப் பெடல்கள் கிடக்கும். விலை குறைவு, அந்தக் காலத்துத் தோற்றமும் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதுவும் அதே வயது வார்ப்பு. வாங்கும் முன் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சின்ன இரும்பால் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். துளையைச் சுற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிடவும் வேண்டும்.

எபாக்சி

உலோகப் பொடி கலந்த நல்ல எபாக்சி, முழுசாக இறுகிய பிறகு, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 30 நியூட்டன் இழுவிசையைத் தாங்கும். நம் கணக்கில் தேவைப்படுவது 70. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பதில் கிடைத்துவிடுகிறது. ஒட்டிய அன்றைக்குப் பிடிக்கும், மெதுவாக மிதித்தால் சில நாள் ஓடவும் ஓடும். வாசிக்கும்போது ஒரு பக்கத்துக்குப் பல முறை பெடலை மிதிக்கிறோம். அத்தனை முறை வளைந்து நிமிரும் இடத்தில் வெறும் பசை நிற்காது. நடுவில் உடைந்த பெடல் தண்டுக்குத் தனியாக எபாக்சி என்பது என் கணக்கில் ஒரு வழியே இல்லை.

ஆனால் எபாக்சிக்கு வேறு இடங்கள் உண்டு. தாங்கியின் ஓரத்தில் ஒரு சின்னக் காது உடைந்து, அதன்மேல் அழுத்தம் மட்டுமே வருகிறது, இழுப்பு வரவில்லை என்றால் தாராளமாக ஒட்டலாம். தளர்ந்த துளையை நிரப்பித் திரும்பத் துளையிடலாம். அடுத்து வரும் பட்டைப் பிணைப்பில் இடைவெளி நிரப்பவும் அது நல்ல துணை.

எஃகுப் பட்டை வைத்து போல்ட் போடுவது

இந்த வழியை மக்கள் அதிகம் மதிப்பதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்த வழி. காரணம், இதில் சூடு கிடையாது, பூச்சு கெடாது, எந்த உலோகமானாலும் செய்யலாம், தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை.

பலரும் செய்வது, தண்டின் அடியில் ஒரு பட்டையை வைத்து இரண்டு திருகு போடுவது. மேலே சொன்னது நினைவிருக்கும்: அடிப்புறம் அமுங்கும் பக்கம். அங்கே பட்டை வைத்தால் மேலே விரிசல் பாட்டுக்குத் திறந்துகொண்டே இருக்கும். பட்டைகள் இரண்டு பக்கவாட்டிலும், நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். 3 மி.மீ. தடிமனும் 12 மி.மீ. உயரமும் உள்ள எஃகுப் பட்டை இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று வைத்துக் கணக்குப் போட்டால், உடைந்த வார்ப்பு கொஞ்சமும் உதவாவிட்டாலும், அந்த இரண்டு பட்டைகள் மட்டுமே முழுச் சுமையையும் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 104 நியூட்டன் இழுவிசையில் தாங்கிவிடும். சாதாரண மென் எஃகு வளையத் தொடங்குவதே 250 பக்கத்தில்தான். தண்டைவிடப் பட்டை கீழே 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு போல்ட். பட்டையையும் தண்டையும் சேர்த்து ஊடுருவும்படி, குறுக்காகத் துளை போட வேண்டும். துளை தண்டின் நடு உயரத்தில் இருக்கட்டும். அந்த இடத்தில் இழுப்பும் கிடையாது அமுக்கமும் கிடையாது, 8 மி.மீ. உயரத்தில் 4 மி.மீ. துளை போட்டாலும் வலு எட்டில் ஒரு பங்குதான் குறையும். வார்ப்பிரும்பைத் துளையிடும்போது எண்ணெய் வேண்டாம், அது கரிப்பொடியாக உதிர்ந்து வந்துவிடும். கடைசிச் சுற்றில் அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் மறுபக்க விளிம்பு சில்லாகப் பெயரும்.

இதன் குறை ஒன்றே: அசிங்கமாக இருக்கும். உடைந்த இடம் பலகைக்குப் பின்னால் மறைவில் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. வெளியே தெரியும் முன்பாதியில் உடைந்திருந்தால் இந்த வழி ஒத்துவராது. சில பியானோக்களில் பெடல் வந்துபோகும் பொந்து மிகக் குறுகலாக இருக்கும். பட்டையும் போல்ட் தலையும் உரசும். அங்கேயும் முடியாது.

பற்றவைப்பது: வெல்டிங்கா, பித்தளையா

பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மை. சாதாரண மென் எஃகு ராடு வைத்து ஒட்டினால் அது வீடு வந்து சேர்வதற்குள் பக்கத்தில் விரிசல் விட்டுவிடும் என்பதும் உண்மை. வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கரி இருக்கிறது. வெல்டிங்கில் அந்த இடம் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் சூட்டை விறுவிறுவென்று உறிஞ்சும்போது, கரி தனியாகப் பிரிந்து நிற்க நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து கண்ணாடிபோலக் கடினமான ஒரு ஓரத்தை உண்டாக்குகிறது. ஆறும்போது உலோகம் சுருங்கும். அந்த ஓரம் சுருக்கத்தைத் தாங்காது. டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். ஒட்டிய இடம் அப்படியே இருக்கும், அதன் விளிம்பை ஒட்டிப் புதிய விரிசல் ஓடியிருக்கும்.

நிக்கல் ராடு வைத்து, துண்டு முழுவதையும் முன்கூட்டியே சூடாக்கி, சின்னச் சின்னத் தையலாகப் போட்டு, ஒவ்வொன்றையும் சுத்தியால் லேசாகத் தட்டி, பிறகு மெதுவாக ஆறவிட்டால் வெல்டிங்கும் நிற்கும். செய்யத் தெரிந்தவர் கையில் இது நல்ல வேலை. ஆனால் பெடல் அளவு சின்னத் துண்டுக்கு அதைவிட ஏற்றது பித்தளைக் கம்பி வைத்துச் செய்யும் பிரேசிங் என்பது என் திடமான கருத்து.

பிரேசிங்கில் இரும்பு உருகுவதில்லை. வார்ப்பிரும்பு உருக 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும்; பித்தளை 900 டிகிரியை ஒட்டியே உருகிப் பரவி, இரும்பைக் கவ்விக்கொள்ளும். கடினமான ஓரம் உண்டாவதில்லை. சரியாகப் பிடித்த பித்தளை இணைப்பு சாம்பல் வார்ப்பிரும்பைவிட வலுவில் குறைந்ததல்ல. கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் தன்மையும் அதற்கு உண்டு. இதில் பாதி வெற்றி தயாரிப்பில் இருக்கிறது. உடைந்த இரண்டு முகத்தையும் சாய்வாகச் சீவி ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளமாக்க வேண்டும், ஆனால் அடியில் கொஞ்சம் உடைந்த முகத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும். அந்த மணிமணியான மேடுபள்ளங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் பழைய நீளமும் கோணமும் பிசகாமல் திரும்பக் கிடைக்கும். கிரைண்டர் கல் வைத்துத் தேய்த்தால் வார்ப்பிலுள்ள கரி மேலே பூசிக்கொள்ளும், பித்தளை அதன்மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். முடிந்தவரை அரத்தால் சீவச் சொல்லுங்கள். பல வருட எண்ணெயும் பாலிஷும் நுண்துளைகளில் ஊறியிருக்கும், அசிட்டோனில் கழுவிய பிறகும் ஒருமுறை மெல்லச் சூடாக்கினால் புகையாகக் கக்கும். அதுவும் போன பிறகுதான் ஃபிளக்ஸ், அதாவது பித்தளை பிடிப்பதற்காக உலோகத்தின் மேல் பூசும் பொருள். முடிந்ததும் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து, கையால் தொடும் அளவுக்குத் தானாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கினால் எல்லாம் வீண்.

பித்தளைப் பெடல் என்றால் வெள்ளி கலந்த பற்றுக் கம்பி, இன்னும் குறைந்த சூட்டிலேயே, 700 டிகிரிக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பயன்படுத்தும் ஈயப் பற்று இந்தச் சுமைக்குப் போதாது.

இரண்டு நஷ்டங்களை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். குரோமியம், நிக்கல் பூச்சு அந்தச் சூட்டில் கறுத்து உரிந்துவிடும். திரும்பப் பூச்சு ஏற்றவோ, பாலிஷ் போட்டுவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளவோ வேண்டும். பித்தளைக் கோடு சாம்பல் இரும்பில் மஞ்சளாகத் தெரியும். பூச்சு உள்ள துண்டுகளைச் சூடாக்கும்போது வரும் புகை உடம்புக்குக் கெடுதல், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எந்தப் பற்றவைப்பானாலும் துண்டைக் கழற்றி வெளியே எடுத்துச் சென்றே செய்ய வேண்டும். பியானோவுக்குள் காய்ந்த மரமும் கம்பளி ஃபெல்ட்டும்தான் நிறைந்திருக்கிறது.

புதிதாக எஃகில் செய்வது

பெடல் தண்டின் மறைவுப் பகுதியோ, தாங்கியோ, இணைப்புத் துண்டோ உடைந்திருந்தால் நான் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பேன். பழைய வார்ப்பை அப்படியே நகலெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வார்ப்பில் இருக்கும் வளைவு நெளிவுகளில் பாதி, மணல் அச்சிலிருந்து சுலபமாக வெளியே வருவதற்காகப் போட்டவை. பியானோவுக்கு வேண்டியது மூன்று விஷயங்கள்தான்: துளைகள் இருக்க வேண்டிய இடம், கால் படும் முனையின் உயரம், பொந்தில் உரசாத அகலம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மென் எஃகுப் பட்டையில் அறுத்து, துளையிட்டு, அரம் போட்டு ஒரு தாங்கியை ஒருநாளில் செய்துவிடலாம். லேத் பட்டறைக்காரரிடம் உடைந்த துண்டுகளை ஒட்டாமல், ஒரு பலகையில் ஒன்றோடொன்று பொருத்தி, டேப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அத்தோடு துளைக்குத் துளை அளவெழுதிய ஒரு படமும் இருந்தால் அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

எஃகின் பெரிய நன்மை, அது சொல்லாமல் கொள்ளாமல் முறிவதில்லை. யாராவது ஏறி நின்றால்கூட வளையும், திரும்ப நிமிர்த்திவிடலாம். இடம் இருக்கும் இடத்தில் உயரத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டிச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய துளைக்குள் ஃபெல்ட்டோ தோலோ நைலான் குழலோ இருந்திருக்கும், அதைப் புதுத் துண்டிலும் போட வேண்டும். வெறும் எஃகுத் துளைக்குள் வெறும் எஃகுக் கம்பி ஆடினால் ஒவ்வொரு மிதிக்கும் டக் டக்கென்று கேட்கும். மெல்லிய பகுதியை வாசிக்கும்போது அந்தச் சத்தம் உயிரை வாங்கிவிடும். எண்ணெய் ஊற்றி அதை அடக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் ஃபெல்ட்டிலும் மரத்திலும் இறங்கிக் காலத்துக்கும் நிற்கும்.

கால் படும் அழகான முன்முனையை எஃகில் செய்வது இவ்வளவு சுலபமில்லை. அந்த உருண்டை வடிவத்தைக் கையால் கொண்டுவர நிறைய வேலை பிடிக்கும், பிறகு பூச்சும் ஏற்ற வேண்டும். முன்முனை நன்றாக இருந்து பின்தண்டு மட்டும் உடைந்திருந்தால், முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை எஃகில் செய்து, இரண்டையும் போல்ட்டால் இணைப்பது நல்ல சமரசம்.

வார்த்தெடுப்பது, முப்பரிமாண அச்சு

உடைந்த துண்டைத் தற்காலிகமாகப் பொருத்தி அதையே அச்சாக வைத்துப் புதிதாக வார்ப்பது அருங்காட்சியகத் தரத்துக்கு மீட்டெடுக்க நினைப்பவர்களுக்கானது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், பித்தளை ஒன்றரை வரை. 20 செ.மீ. பெடல் 2 முதல் 3 மி.மீ. குறைந்து வரும். அச்சிலேயே அதைக் கூட்டிவைக்க வேண்டும், துளைகளை வார்த்த பிறகு போட வேண்டும். ஒரே ஒரு துண்டுக்கு இது வீண் செலவு, மூன்று பெடலும் வேண்டுமென்றால் யோசிக்கலாம்.

பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பெடல் சுமை தாங்காது, தாங்கினாலும் நாளடைவில் தொய்யும். ஆனால் எஃகில் வெட்டும் முன் அளவு சரிதானா என்று பொருத்திப் பார்க்கவும், வார்ப்புக்கு அச்சாக வைக்கவும் அதைப்போல வசதி வேறில்லை.

அப்படியானால் எதை எடுப்பது

இன்றும் செயல்படும் நிறுவனத்தின் பியானோ என்றால் புதிய உறுப்பு; அது வரும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். துத்தநாகக் கலவை என்றால் வாங்குங்கள் அல்லது எஃகில் செய்யுங்கள், சூட்டின் பக்கமே போகாதீர்கள். வார்ப்பிரும்பு, மறைவான இடம் என்றால் பட்டையில் தொடங்குங்கள். இடம் போதவில்லை என்றால் எஃகில் புதிதாகச் செய்யுங்கள். வார்ப்பிரும்பு, வெளியே தெரியும் இடம், மாற்று கிடைக்கவில்லை என்றால் பிரேசிங், அதுவும் வார்ப்பிரும்பில் கை பழகியவரிடம் மட்டும். கொடுக்கும் முன் எல்லா அளவையும் குறித்து, காகிதத்தில் நிழலுருவும் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அது தவறிப்போனாலும் எஃகில் செய்யும் வழி அந்தக் காகிதத்தில் பத்திரமாக இருக்கும்.

உடைந்தது அப்ரைட்டின் நடுப் பெடல் என்றால் அவசரமே வேண்டாம். பெரும்பாலான அப்ரைட்டுகளில் அது சத்தத்தைக் குறைக்க ஒரு ஃபெல்ட் திரையை இறக்கும் பெடல், அவ்வளவுதான். கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாக வாசிக்கலாம். கிராண்டின் நடுப் பெடல் கதை வேறு. அழுத்தும் தருணத்தில் பிடித்திருக்கும் சுரங்களை மட்டும் நீளவிடும் பெடல் அது. அதன் அமைப்பு நுட்பமானது, அதைத் திரும்பச் சரிப்படுத்தும் வேலையைத் தேர்ந்த பியானோ டெக்னீஷியனிடம் விடுவதே நல்லது.

எந்த வழியில் சரிசெய்தாலும், உடைந்த காரணத்தை விட்டுவைத்தால் அது திரும்ப உடையும். பெரும்பாலும் காரணம் ஒரு சின்ன ஃபெல்ட் துண்டுதான். பெடல் கீழே வந்து நிற்கும் இடத்தில் இருக்கும் ஃபெல்ட் தேய்ந்தோ விழுந்தோ போயிருக்கும். அப்போது காலின் முழு அழுத்தமும் மேலே டேம்பர்கள் (தந்திகளைத் தொட்டு ஒலியை அடக்கும் ஃபெல்ட் கட்டைகள்) போய் முட்டும் இடம்வரை தண்டின் வழியாகவே ஏறும். தாங்க வேண்டியது தரை, தாங்குவது தண்டு. கீல் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா, செங்குத்துக் குச்சி எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

பூட்டிய பிறகு வலது பெடலை விரலால் மெல்ல அழுத்துங்கள். முதல் சில மில்லிமீட்டர் டேம்பர்கள் அசையக் கூடாது. அந்தத் தளர்ச்சி இல்லையென்றால் சுரங்கள் முழுசாக அடங்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு எல்லா டேம்பர்களும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். கடைசியில் பெடல் ஃபெல்ட்டின்மேல் வந்து நிற்கும்போது, டேம்பர்களுக்கு மேலே இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும். மிச்சமில்லை என்றால் போல்ட்டின் நட்டைத் தளர்த்துங்கள் அல்லது அடியில் இன்னும் ஒரு அடுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். ஒரு வாரம் வாசித்துவிட்டு முன்பலகையைத் திரும்ப ஒருமுறை திறந்து, நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, பற்றவைத்த இடத்தின் மேல்விளிம்பில் மயிரிழைக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.